இரண்டு மாரியம்மாளுக்கு ஒரே கணக்கு

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் வீட்டில் கேட்டிருப்பார்கள், "அங்க என்னதான் வேலை பாக்குற?" என்று. நீங்களும் விளக்கிப் பார்த்துவிட்டு, முடியாமல், "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி எழுந்து போயிருப்பீர்கள். ஓய்வு பெறும் நாள் வரை நானும் அப்படித்தான் எழுந்து போனேன்.

உள்ளதைச் சொன்னால் நம் வேலை எளிதில் புரிகிறதுதான். ஒருவர் கம்பெனியில் சேர்ந்தால் அவருக்கு மெயில், வருகைப் பதிவு, ஆர்டர் பார்க்கும் திரை, லோடு அனுப்பும் திரை என்று எதெது வேண்டுமோ அதற்கெல்லாம் கணக்குத் திறக்க வேண்டும். பிரிவு மாறினால் சிலவற்றை மூடிச் சிலவற்றைத் திறக்க வேண்டும். வேலையை விட்டுப் போனால் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். இதைக் கையால் செய்த காலமும் உண்டு. பிறகு இதற்கென்றே ஒரு மென்பொருள் வாங்கினார்கள். பணியாளர் பிரிவு தன் கணினியில் ஒரு பெயரைச் சேர்த்தால் போதும். இது காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை போய் அதைப் படித்து வந்து, மற்ற இடங்களில் எல்லாம் தானே திறக்கும், தானே அடைக்கும். இந்தப் போய்வருதலுக்கு எங்கள் அறையில் 'சிங்க்' என்று பெயர். முதன்முதலில் "சிங்க் நின்னு போச்சும்மா" என்று முதலாளியம்மாவிடம் சொன்னபோது, "பிளம்பருக்குச் சொல்லிட்டீகளா?" என்று கேட்டார்.

சிவகாசியில் பட்டாசுத் தொழிற்சாலைகளும், காலண்டர் டைரி அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸும் சேர்ந்த குழுமம் எங்களுடையது. நான் விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். என் அறையில் நானும் செல்வமும்தான். செல்வம் கெட்டிக்காரன், கை மட்டும் மூளையைவிடக் கொஞ்சம் வேகம்.

நான் சொல்லப்போவது ஆடி மாதத்தில் ஒரு காலை. எங்கள் பக்கத்தில் ஆடி என்றால் இரண்டு விஷயம். தீபாவளி லோடு வடக்கே கிளம்புகிற சீசன் ஒன்று. ஆடிக் கடைசி வெள்ளி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கூடுகிற கூட்டம் இன்னொன்று. இரண்டும் எப்போதும் மோதிக்கொள்ளும். லோடு போக ஆள் வேண்டும், ஆளுக்கோ கோயிலுக்குப் போக வேண்டும். யாருக்கு லீவு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்கிறவர் முதலாளியம்மா. நிர்வாக இயக்குநர் அவர். லோடு கிளம்ப ஒப்புதல் கொடுப்பவரும் அவரே. குடோனில் லாரியில் லோடு ஏற்றி முடித்ததும் விவரம் அவர் திரைக்குப் போகும், அவர் தட்டினால்தான் வாசல் கதவு திறக்கும்.

அன்று நான் வந்து உட்காரக்கூட இல்லை, போன் அடித்தது.

"ஏம்மா ராஜி, என்னய எப்பம்மா காலண்டர் செக்‌ஷனுக்கு மாத்துனீக?"

முதலாளியம்மாவின் குரல். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "என்னம்மா சொல்றீக?" என்றேன்.

"ராத்திரி வரைக்கும் நான் முதலாளியாத்தான இருந்தேன்? இப்ப ஜி.எம். போன்ல எம் பேருக்குக் கீழ 'பயிற்சியாளர், காலண்டர் பிரிவு'ன்னு வருதாம். என் டேப்ல உள்ள போகவும் விட மாட்டேங்குது. இருங்க, நானே அங்கன வாரேன்."

அவர் மாடிப்படி ஏறி வருவதற்குள் செல்வமும் நானும் திரையில் அவர் கணக்கைத் திறந்துவிட்டோம். பெயர்: எம். மாரியம்மாள். பதவி: பயிற்சியாளர். பிரிவு: காலண்டர். கைபேசி எண் எங்களுக்குத் தெரியாத எண். ஆனால் அதன் உள்ளே இருந்த மெயில்கள், ஒப்புதல்கள், அனுமதிகள் எல்லாம் முதலாளியம்மாவுடையவை.

பணியாளர் பிரிவைக் கேட்டதும் விளங்கிவிட்டது. முந்தின நாள் காலண்டர் பிரிவில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவள் பெயரும் எம். மாரியம்மாள். இருக்கன்குடி ஆத்தா இருக்கிற சீமையில் இதில் என்ன அதிசயம்? எங்கள் கம்பெனியில் ஒரு சன்னலைத் திறந்து "மாரி" என்று கூப்பிட்டால் கீழே பாதிப் பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அதனால்தான் மென்பொருள் பெயரை நம்பாமல் ஊழியர் எண்ணைப் பார்க்கும். எண் பொருந்தாவிட்டால் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் சேர்த்துப் பார்க்கும். சிக்கல் என்னவென்றால் முதலாளிக்கு ஏது ஊழியர் எண்? அவர் கணக்கு, மென்பொருள் வருவதற்கு முன்பே கையால் திறந்தது. அதில் பிறந்த தேதியும் இல்லை. வெற்றிடத்தைப் பார்த்த மென்பொருள் 'சரி, இது பொருந்தாது' என்று சொல்லியிருக்க வேண்டும். அது 'இதைப் பார்க்கத் தேவையில்லை' என்று தாண்டிப் போயிருக்கிறது. பெயரும் இனிஷியலும் ஒன்று. ஆக, புதுப் பெண்ணின் எண்ணை முதலாளியம்மா கணக்கில் கொண்டுபோய்க் கட்டி, 'புதிய பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளுங்கள்' என்று அந்தப் பெண்ணின் போனுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டது. அவளும் போட்டுக்கொண்டுவிட்டாள்.

முதலாளியம்மா டேப்லெட்டோடு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னாலேயே ஜி.எம். வந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷன், ஆனால் அவசரம் வந்துவிட்டால் யாரையாவது வெளியே அனுப்பினால்தான் அவருக்குத் தீரும்.

"குடோன்ல லாரி லோடு ஏத்தி நிக்கி. வெயில் ஏறுது. அம்மாவோட ஒப்புதல் வரலைன்னு வாட்ச்மேன் கதவத் தொறக்க மாட்டேங்கான். இங்க என்னடான்னா எவளோ ஒரு பிள்ள அம்மா ஐடிக்குள்ள பூந்து உக்காந்திருக்கா. ஏலே செல்வம், மொதல்ல அவ ஐடிய எடுத்து விடு."

"ஒரு நிமிசம் அண்ணாச்சி," என்று செல்வம் அழிக்கும் பொத்தானுக்கு நகர்ந்துவிட்டான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். "எந்த ஐடிய அழிக்கப் போற?"

அவன் திரையைப் பார்த்தான். இருந்தது ஒரே ஒரு கணக்கு. பெண்ணை அழித்தால் முதலாளியம்மாவும் சேர்ந்து போவார். அவருடைய மெயில், பாதியில் நிற்கிற ஆர்டர்கள், சீசனுக்கான ஒப்புதல்கள் எல்லாம் போகும். செல்வம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணில் பேசிய ஒரு பெண். பெயர் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. என்னைவிட ரொம்பச் சின்னவள் என்று குரலில் தெரியும். நான் எந்தப் பிரச்சினையோடு கூப்பிட்டாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சிங்க் ஓட்டத்தை நிறுத்திட்டீங்களா மேடம்?" நிறுத்தவில்லை என்றால், "நிறுத்திட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்பாள். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வரும். தவறான ஒரு தகவல் உள்ளே வந்துவிட்டால், இந்த மென்பொருள் அதைக் களைப்பில்லாமல், விசுவாசமாக எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்பது போகப் போகத்தான் எனக்கு உறைத்தது.

"மதிய சிங்க்க நிறுத்து," என்றேன் செல்வத்திடம்.

அண்ணாச்சி குறுக்கே வந்தார். "நிறுத்துனா எப்படிம்மா? பேக்கிங்குக்கு இன்னைக்குப் புதுசா சூப்பர்வைசருங்க வந்திருக்காக. கணக்கு வரலைன்னா அம்புட்டுப் பேரும் சும்மா உக்காந்திருப்பாக."

"உக்காந்திருக்கட்டும் அண்ணாச்சி. டீ வாங்கிக் குடுத்திருங்க."

அவருக்கு அது பிடிக்கவில்லை. முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவரோ, "ராஜி சொல்றதக் கேளுங்க" என்று மட்டும் சொன்னார். செல்வம் நிறுத்தினான்.

அப்புறம் பணியாளர் பிரிவுக்கு மறுபடி போன் போட்டு, அந்தப் பெண்ணின் பதிவை யாரும் தொட வேண்டாம் என்றேன். "மேடம், மொதல்ல நீங்க போன வச்சதுமே அண்ணாச்சி கூப்புட்டு சத்தம் போட்டாக. அவள 'விலகியவர்'னு மாத்திட்டேனே" என்றார் அங்கிருந்தவர்.

மதிய ஓட்டம் மட்டும் போயிருந்தால், விலகியவர் என்று படித்து, முதலாளியம்மா எங்கெல்லாம் இருக்கிறாரோ அங்கெல்லாம் கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கும். போனை வைத்துவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் சன்னல் வழியாக வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி லாரி. கணக்கைப் பிரித்துச் சரிசெய்ய நேரம் பிடிக்கும். கணினியில் ஆயிரம் கெட்டால் உட்கார்ந்து சரிசெய்யலாம். பட்டாசு ஏற்றிய லாரியை வெயிலில் நிறுத்திவைத்துக்கொண்டு உட்கார முடியாது. "அம்மா, நீங்க காயிதத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்க. லாரி போகட்டும். கம்ப்யூட்டர்ல நான் பின்னால ஏத்திக்கிறேன்" என்றேன்.

"திரையில வராம கதவத் தொறக்கக் கூடாதுன்னு அம்மாதான ரூல் போட்டாக," என்றார் அண்ணாச்சி, பாவம், உண்மையாகவே குழம்பிப்போய்.

முதலாளியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "நான் இங்கன உசுரோட நிக்கேன். என் கையெழுத்து செல்லாது, அந்த டப்பா சொன்னாத்தான் செல்லுமா? பேனா குடுங்க."

கையெழுத்தை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியே காரில் குடோனுக்குப் போனார். லாரி கிளம்பிவிட்டது என்று போன் வந்த பிறகுதான் நாங்கள் மூவரும் மூச்சுவிட்டோம்.

உங்களுக்கு நான் சொல்ல நினைக்கிற முக்கியமான இடம் இதுதான். நெருக்கடி வரும்போது எல்லாமே அவசரம் போலத் தெரியும். அப்படி இருக்காது. எது பரவுகிறதோ அதை முதலில் நிறுத்துங்கள். எது மனிதருக்கு ஆபத்தோ அதை அடுத்து நகர்த்துங்கள். மற்றது எவ்வளவு சத்தம் போட்டாலும் வரிசையில் நிற்கட்டும். யாரைத் திட்டுவது என்பது வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியது. ஆனால் அதுதான் எப்போதும் முண்டியடித்து முன்னால் வரும்.

அந்தப் பெண்ணை அழைத்துவர ஆபீஸ் வாட்ச்மேனை அனுப்பலாம் என்றான் செல்வம். நானே போகிறேன் என்று இறங்கிப் போனேன்.

காலண்டர் பிரிவில் அச்சு மையின் வாசனைக்கு நடுவே, ஓரத்து மேசையில், புதுச் சுடிதார் மடிப்புக் கலையாமல் ஒரு பெண் கணினி முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வேலையெல்லாம் எப்படிப் போகுது பாப்பா?" என்றேன்.

"நல்லாப் போகுது மேடம். காலையில வந்ததுமே நெறைய வந்துச்சு. எல்லாத்தையும் முடிச்சிட்டேன்."

"என்ன முடிச்ச?"

"லீவுதான் மேடம். 'மாரியம்மாள் அவர்களின் ஒப்புதலுக்கு'ன்னு எம் பேரப் போட்டு வந்துச்சு. நேத்து டிரெயினிங் கிளாஸ்ல, எதையும் பெண்டிங் வைக்கக் கூடாது, அன்னன்னைக்கே பதில் போட்ரணும்னு சொன்னாகளே. அதான்..."

"யாருக்கெல்லாம் லீவு குடுத்த?"

"கேட்டவுக எல்லாத்துக்கும்," என்றாள்.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "லோடு ஒப்புதல்னு ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சு மேடம். அதத் தொடல. எங்க அம்மா நம்ம ஃபேக்டரி வெடிமருந்து ரூம்ல வேலை பாக்காக. வெடி விசயத்துல புரியாம கை வைக்கக் கூடாதுன்னு வீட்டுல சொல்லியே வளத்திருக்காக. யாராச்சும் வந்தா கேட்டுக்கிடலாம்னு வச்சிருந்தேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "நான் ஏதும் தப்பாச் செஞ்சிட்டேனா?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. முதலாளியம்மாவின் கணக்கு என்றதும் விசைப்பலகை சுட்டுவிட்டதுபோல மேசையை விட்டுத் தள்ளி நின்றாள்.

"வேலைய விட்டு அனுப்பிருவாகளா? காலையில ஃபேக்டரி வேன்ல எங்க அம்மா எல்லார்கிட்டயும் எம்பிள்ள ஆபீசுல சேந்துட்டான்னு சொல்லிக்கிட்டே போயிருக்கும் மேடம்."

அனுப்ப மாட்டார்கள் என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. அதனால் அப்படிச் சொல்லவில்லை. "நான் கூட வாரேன், வா" என்று மட்டும் சொன்னேன்.

செல்வம் அதற்குள் அவள் எண்ணை முதலாளியம்மா கணக்கிலிருந்து அவிழ்த்துவிட்டிருந்தான். அவள் சொன்னது அப்படியே உண்மை, லீவைத் தவிர வேறு எதையும் தொடவில்லை என்றும் பார்த்து வைத்திருந்தான்; லீவு கிடைத்தவர்களின் பட்டியலையும் என்னிடம் காட்டினான். முதலாளியம்மா தன் டேப்லெட்டில் நுழைந்து, மறுபடி நிர்வாக இயக்குநராகிவிட்டதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். குடோனிலிருந்து திரும்பிய அண்ணாச்சி பெண்ணைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அம்மா ஐடின்னு தெரிஞ்சே உக்காந்திருக்கா. இவள வச்சுக்கிட்டா நாளைக்கு என்னென்ன நடக்குமோ. இப்பவே கணக்க முடிச்சு அனுப்புங்க."

"அண்ணாச்சி," என்றேன், "இவ எங்கயும் பூட்ட ஒடைக்கல. நம்மளே சாவியக் கையில குடுத்து, இது உன் வீடுன்னு சொல்லி அனுப்பியிருக்கோம். தப்பு சாவி குடுத்தவுக மேல. அதுவுமில்லாம..." கொஞ்சம் தயங்கினேன். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. "இவ குடுத்த லீவுல உங்க லீவும் இருக்கு."

அண்ணாச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டார். செல்வம் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, சீசன் நேரம். எல்லாரும் ஒரே வெள்ளிக்கிழமைக்குக் கேட்டிருக்காக. எல்லாத்துக்குமா சரின்னு போடுவ?"

"எல்லாரும் இருக்கன்குடிக்குப் போறோம்னு எழுதியிருந்தாகம்மா." தலையை நிமிர்த்தி மேலும் சொன்னாள். "மாரியம்மான்னு பேர வச்சுக்கிட்டு, ஆத்தாளப் பாக்கப் போறவுகள போக வேண்டாம்னு எப்படிம்மா சொல்றது?"

முதலாளியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரோடு அத்தனை வருஷம் வேலை பார்த்தவள், அவர் கோபப்படும்போது எப்படி இருப்பார் என்று தெரியும். இது கோபமில்லை.

"எம் பேரும் அதுதான்," என்றார் கடைசியில். "வருசா வருசம் எல்லார் லீவையும் வேண்டாம்னு தட்டிவிட்டுட்டு, அன்னைக்குக் காலையில நான் மட்டும் காரெடுத்துக்கிட்டுப் போயி கும்பிட்டுட்டு வருவேன். ஒருத்தரும் இது வரைக்கும் கேட்டதில்ல." பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "மாரியம்மா குடுத்த லீவு. நான் எப்படிய்யா ரத்து பண்றது? வெள்ளிக்கிழமை லோடையெல்லாம் வியாழக்கிழமைக்குள்ள வெளியேத்த முடியுமான்னு பாருங்க. முடிஞ்சா எல்லாரும் போங்க."

"முடியும்மா," என்றார் அண்ணாச்சி, கேட்டு முடிப்பதற்குள்.

"ஒண்ணு சொல்லிர்றேன். அதுக்காக குடோன்ல யாரும் ஓடியாடி ஏத்தக் கூடாது. முடியலைன்னா லோடு சனிக்கிழமை போகும். பார்ட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

பெண்ணுக்குத் தன் வேலை போகவில்லை என்பதே புரியவில்லை. அங்கேயே நின்றாள். "போயி உன் வேலையப் பாரு" என்று முதலாளியம்மா சொன்ன பிறகு, எந்தக் கணக்கில் பார்ப்பது என்று கேட்டாள். அன்றைக்கு முதன்முதலாக எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

மாலைக்குள் பணியாளர் பிரிவு 'விலகியவரை' மறுபடி சேர்த்தது. அவளுக்கென்று தனியாக ஒரு கணக்குத் திறந்தோம். சிங்க்கை மறுபடி ஓடவிடும் முன், அது என்ன செய்யப்போகிறது என்பதை வரி வரியாகப் பார்த்தோம். உதவி எண்ணுக்கும் பேசினேன். அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "நிறுத்தியாச்சும்மா" என்றேன். "அப்புறம் என்ன மேடம், நீங்களே பாத்துப்பீங்க" என்று வைத்துவிட்டாள். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அதன்பின் விதியை மாற்றினோம். எந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் மென்பொருள் தானாகப் பொருத்தக் கூடாது, எங்களிடம் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் பலரை அடைக்கப் போகிறது என்றாலும் நின்று கேட்க வேண்டும். எண் இல்லாமல் கம்பெனிக்குள் யாருமே இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியால் முதலாளியம்மாவும் ஊழியர் எண் வாங்க வேண்டியதாயிற்று. பிறப்புச் சான்றிதழின் நகலோடு பணியாளர் பிரிவுக்கு வந்து, பேக்கிங் சூப்பர்வைசர்களோடு வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அன்று அங்கே வேலை பார்த்தவர்கள் யாருக்கும் நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்று திரையில் பார்க்கிற ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் எழுந்து போய் அவர் முகத்தைப் பாருங்கள். நான் கீழே இறங்கிப் போகாமல் இருந்திருந்தால், வாட்ச்மேன் போயிருப்பார். அந்தப் பெண் அழுதுகொண்டே வெளியே போயிருப்பாள். அவள் என்ன செய்தாள், எதைச் செய்யாமல் விட்டாள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

லோடு எல்லாம் வியாழக்கிழமையே வெளியேறிவிட்டது. ஆடிக் கடைசி வெள்ளியன்று நானும் இருக்கன்குடிக்குப் போனேன். ஆற்று மணலில் பொங்கல் பானைகளுக்கு நடுவே நடக்க இடமில்லை. எங்கே திரும்பினாலும் எங்கள் கம்பெனி முகம். அக்கினிச் சட்டி எடுத்துப் போகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது, எதிரே அண்ணாச்சி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மாரியம்மாளும் அவள் அம்மாவும். ஜி.எம்.மைக் கண்டதும் இருவரும் ஒதுங்கப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, தன் மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வா. எத்தன வருசமா லீவு கேட்டு நடையா நடந்தேன், ஒருத்தரும் குடுக்கல. குடுத்த புண்ணியவதி இவுகதான்."

அவர் மனைவி தட்டிலிருந்த திருநீற்றை எடுத்து அந்தப் பெண்ணின் நெற்றியில் பூசிவிட்டார். அவள் அம்மா மகளையும் ஜி.எம்.மையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டு நின்றார்.